மூன்று முறை மிதித்துப் பார்த்தவர்

எங்கள் தோட்டத்து டாக்டர் ஐயாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பயப்படாத மனிதர் யார்? என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் அத்தனை பெரிய மெஷின்களோடு மல்லுக்கட்டியவர்தான், ஆனால் அட்டையைக் கண்டால் துள்ளுவார். பயந்துவிட்டால் குரலை உயர்த்துவார், இல்லாவிட்டால் என்மேல் எரிந்து விழுவார். டாக்டர் ஐயா அப்படியில்லை. “எனக்குப் பயமா இருக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொள்வார். தலை வலிக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து மருந்துச்சாலையை நடத்திய டிஸ்பென்சர். நமுனுகுல மலைப் பக்கத்தில் அவரை விட்டால் எங்களுக்கு வேறு டாக்டர் ஏது? கிறிஸ்தவ வேதக்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெயிலடித்தாலும் தலையில் கம்பளித் தொப்பி இருக்கும். ஊசி போடுவதற்கு முன், “வலிக்கும். எனக்கே பாக்கப் பயம். ரெண்டு பேரும் கண்ண மூடிக்குவோமா?” என்பார். பெரியவர்களே சிரித்துவிடுவார்கள். சிரித்து முடிப்பதற்குள் ஊசி போட்டு முடித்திருப்பார்.

ஐந்தாம் நம்பர் மலைக்குப் போகிற வழியில் ஒரு மரப்பாலம் இருந்தது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஓடிக் கடக்கிற பாலம். டாக்டர் ஐயா அதில் குதிரை ஏறுவதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்துதான் அக்கரை போவார். மருந்துப் பெட்டி கழுத்தில் தொங்கும். மேலே மலையிலிருந்து பெண்கள் கூக்குரல் போட்டுச் சிரிப்பார்கள். அவரும் கீழே பார்க்காமலே கையை ஆட்டுவார். ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், போகாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

அவருடைய கார் இன்னும் வேடிக்கை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயத்தில், நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விற்ற சின்னக் கார் அது. அதை அவர் ஓட்டினார் என்று சொல்வதைவிட, காரோடு சேர்ந்து நடந்தார் என்றால் சரியாக இருக்கும். பாதை வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் ஹார்ன் அடிப்பார். மோசமான முடக்கு என்றால் காரை நிறுத்தி, இறங்கி, கால்நடையாகப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எடுப்பார். அதற்குள் அந்தப் பக்கம் புதிதாக ஒரு பஸ் வந்திருக்கும். அது வேறு விஷயம்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு வாய் நீளம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் ஐயா கார் ஓட்டுகிற மாதிரி நடித்துக் காட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது. கழுத்தை முன்னால் நீட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து, “கர்த்தரே, கர்த்தரே” என்று முணுமுணுத்து, ஒருமுறை ஹார்ன் அடிப்பேன். ஒருநாள் வாசலில் நின்று அவரே பார்த்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

“நல்லா செய்றீங்க டீச்சர்” என்றார். “ஆனா நான் ஹார்ன் ரெண்டு தடவ அடிப்பேன்.”

பல வருஷம் கழித்து அவர் வெலிமடைப் பக்கத்துக்கு மாற்றலாகிப் போன நாளிலும் அப்படித்தான். தோட்டமே திரண்டு மாலை போட்டு வழியனுப்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, உலை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால், கார் இன்னும் முதல் முடக்கில் நிற்கிறது. இறங்கி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மறுபடியும் அழுதேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும், கிளப்புவதற்கு முன்னால், பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்ப்பார். “இருக்கியா?” என்று கேட்பார். மூன்றாவது மிதியில், “இருக்கு” என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும்போதும் அதே வார்த்தைதான். புனல் மாதிரி ஒரு குழல் வைத்திருந்தார். அதை வயிற்றில் வைத்து, காதைக் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். பிறகு தலையை நிமிர்த்தி “இருக்கு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போனது. இரண்டாவது எட்டாம் மாதத்தில். இரண்டு தடவையும் டாக்டர் ஐயா குழலை அங்கே வைத்தார், இங்கே வைத்தார், வெகுநேரம் கேட்டார். தலையை நிமிர்த்தினார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

மூன்றாவது வயிற்றில் இருந்தபோது நான் பாதி உயிராகத்தான் நடமாடினேன். வாய் மட்டும் குறையவில்லை. பயத்தை மூடி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே மூடி என் வாய்தான். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் அவர் குழலை வைத்துக் கேட்டு, “இருக்கு” என்றார். பிறகு கையால் தடவிப் பார்த்தவர் கைக்குட்டையை எடுத்தார்.

“டீச்சர், பிள்ள குறுக்க கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு. பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துடுங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்க. திங்கக்கெழம காலையில போவோம்.”

“கொழுந்து லொறியில ஏறிப் போயிடுறேன் ஐயா” என்றேன்.

“லொறியா? அந்தக் குலுக்கலுக்கு வழியிலயே வலி எடுத்துடும். வேணாங்க. நானே மெதுவாக் கூட்டிட்டுப் போறேன்.”

மெதுவாக என்பதை அவர் சொல்லவே தேவையில்லை.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காரை எடுத்துப் பார்த்தபோது, பிரேக் மிதித்ததும் இரும்பை இரும்பு அறுப்பதுபோல ஒரு சத்தம். லயத்து நாய்களெல்லாம் ஊளையிட்டன. லொறி டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உள்ள பேட் தேஞ்சி இரும்பாப் போச்சிங்க ஐயா. லொறிக்கு வேற மாதிரி. இத நான் கழட்டுனதில்ல. பதுளைக்குக் கொண்டு போங்க.”

“பதுளைக்குப் போறதுன்னா பிரேக் வேணுமே” என்றார் டாக்டர் ஐயா.

“பிரேக் போடத்தானே பதுளைக்குப் போகச் சொல்றேன்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலை முழுவதும் இறக்கம். அதில் அந்தக் காரை யார் இறக்குவது? கடைசியில் டாக்டர் ஐயா மருந்துச்சாலைக்குள் போய், விஷ மருந்துகளைப் பூட்டி வைக்கிற அலமாரியைத் திறந்து, பஞ்சில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே நான்கு புது பிரேக் பேட். உதிரிப் பாகமே கிடைக்காத அந்தக் காலத்தில், பதுளையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் சொல்லி வைத்து, எட்டு மாதம் காத்திருந்து வாங்கினாராம். கார் வாங்கிய வாரமே சொல்லி வைத்திருக்கிறார்! பயந்தவன் புத்தி இப்படியும் வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. மருந்துச்சாலை முற்றத்தில் அந்தக் காருக்கு ஆபரேஷன் நடந்தது. வேறு பெயர் அதற்குச் சொல்ல முடியாது. வெள்ளைத் துணி விரித்திருந்தார். எனாமல் தட்டுகளில் ‘இடது’, ‘வலது’ என்று பிளாஸ்டர் ஒட்டி எழுதியிருந்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அடை. ஜாக்கி சறுக்கினால் தாங்குவதற்கு அடியில் இரண்டு மரக்குற்றி. அது போதாதென்று, இன்னொரு கல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்படி என் வீட்டுக்காரருக்கு உத்தரவு.

என் வேலை புத்தகம் வாசிப்பது. துரை காரோடு விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்.

“ரெண்டு ஆணிய உருவணுமாம்” என்பேன்.

“ரெண்டு ஆணிய உருவுறேன்” என்று சொல்லி, காயத்துக்குத் தையல் போடுகிற குறடால் உருவித் தட்டில் வைப்பார்.

“பிஸ்டன உள்ள தள்ளணும். அப்ப மேல டப்பாவுல பிரேக் எண்ணெய் பொங்கி வழியுமாம், பாத்துக்கணுமாம்.”

உடனே எழுந்துபோய்ப் பெரிய கண்ணாடி ஊசிக்குழாயைக் கொண்டுவந்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். “ரத்தம் எடுக்கிற மாதிரி இருக்கு ஐயா” என்றேன். “சிரிக்காதீங்க டீச்சர். எனக்குக் கை நடுங்குது” என்றார். நடுங்கவும்தான் செய்தது. ஆனால் ஓர் ஆணி கூடத் தவறி விழவில்லை.

இடது பக்கம் முடிவதற்குள் மதியமாகிவிட்டது. வலது பக்கத்துப் பழைய பேட்களைக் கழற்றி வைத்த நேரம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு ஒருவருக்குக் கை கிழிந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். டாக்டர் ஐயா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். என் வீட்டுக்காரர் கல்லை வைத்துவிட்டுப் பீடி பற்ற வைக்க ஒதுங்கினார். நானும், துணிமேல் கிடந்த அந்த இரண்டு புது பேட்களும்தான் மிச்சம்.

எங்கள் வீட்டில் புது இரும்பு எதுவானாலும், அது கத்தியோ மண்வெட்டியோ, வெறுமையாக வேலைக்கு எடுக்கமாட்டோம். எண்ணெய் தடவித் துடைத்து, பொட்டு வைத்து, கும்பிட்டுத்தான் எடுப்போம். ஸ்டோர் மெஷினுக்கே அது உண்டு. இதுவோ என் பிள்ளையைச் சுமந்துபோகப் போகிற கார். இவரோ வேதக்காரர், பொட்டு வைக்கமாட்டார். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் எந்தச் சாமியை விடுவாள், சொல்லுங்கள்! வீடு எதிரில்தான். போய்த் தேங்காய் எண்ணெயும் குங்குமமும் எடுத்து வந்தேன். இரண்டு பேட்டிலும் முன்னும் பின்னும் நன்றாக எண்ணெய் தேய்த்தேன். முதுகில் பொட்டு வைத்தேன். “ஆத்தா, நீதான் பாத்துக்கணும்” என்று கும்பிட்டேன்.

காயம்பட்டவரோடு வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கப் பின்னால் வர, டாக்டர் ஐயா வந்து பொட்டைப் பார்த்தார். கோபிப்பாரோ என்று நினைத்தேன். “இருக்கட்டும் டீச்சர், ஒங்க சாமியும் ஒரு கை பிடிக்கட்டும்” என்று சொல்லிப் பூட்டத் தொடங்கினார். எண்ணெய் ஊறிவிட்டிருந்ததால் கறுத்த பேட்டில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியே, பேட்டில் ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது என்றிருந்தது. தடித்த எழுத்தில்.

உடனே மனம் சாக்குத் தேடியது. பிரேக்குக்கே எண்ணெய்தானே ஊற்றுகிறார்கள், அப்புறம் என்ன? ஊருக்கே பாடம் சொல்கிற டீச்சர், இத்தனை பேர் முன்னால் நான் செய்த கூத்தைச் சொல்வதா?

“அடுத்தது?” என்றார்.

“ஆணிய மாட்டணுமாம்” என்றேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.

பூட்டி முடித்து, சக்கரங்களை மாட்டி, உள்ளே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். கால் தரை வரை போய்விட்டது. முகம் வெளுத்துவிட்டது. “அப்படித்தான் போகுமாம் ஐயா, இறுகுற வரைக்கும் திரும்பத் திரும்ப மிதிக்கணுமாம்” என்று வாசித்தேன். இரண்டாவது மிதிக்குப் பாதியில் நின்றது. மூன்றாவது மிதிக்குக் கல் மாதிரி நின்றது. “இருக்கு!” என்று கத்தினார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

முற்றத்துச் சமதரையில் ஓட்டிப் பார்த்தார். நடை வேகம். என் வீட்டுக்காரர் கல்லோடு பக்கத்தில் நடந்தார். பிரேக் மிதித்தார், நின்றது. கொஞ்சம் வேகமாக ஓட்டி மிதித்தார். கார் வெடுக்கென்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தேயிலைச் செடியில் முட்டி நின்றது. மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் இடது பக்கம். இடது சக்கரம் பிடிக்கிறது, வலது சக்கரம் வழுக்குகிறது. வேறு யாராக இருந்தாலும், “புதுசு, ஓட ஓடச் சரியாயிடும்” என்று சொல்லி மறுநாள் என்னை ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருப்பார்கள்.

டாக்டர் ஐயா இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தலை அவ்வளவு நரைத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“என் கை பிசகிடுச்சி டீச்சர். எங்கேன்னு தெரியல. தெரியாத கைய நம்பி ஒங்கள நான் ஏத்தமாட்டேன். நாளைக்கு லொறியிலயே போயிடுங்க. மெத்தைய போட்டுப் படுத்துக்கங்க. நானும் பின்னாடி உக்காந்து வரேன்.”

என் வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. லொறிக் குலுக்கலை நினைத்தேன். எட்டாம் மாதத்தில் அவர் பேசாமல் தலை நிமிர்த்திய அந்த நாளை நினைத்தேன். இதற்குமேல் என்ன மானம்?

“ஒங்க கை இல்ல ஐயா. என் கை” என்றேன். எண்ணெய், குங்குமம், விட்டுவிட்ட வரி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். என் வீட்டுக்காரர், “அடிப்பாவி!” என்று கல்லைக் கீழே போட்டுவிட்டார்.

டாக்டர் ஐயா என்னையே பார்த்தார். “அப்ப, நான் பூட்டுனது சரியா?”

“அச்சு அசலாப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே பூட்டுனீங்க ஐயா.”

“ஒரு ஆணி கூடத் தப்பில்லயா?”

“இல்லீங்க.”

அவர் சிரித்தார். அந்த மனிதர் அப்படி விழுந்து விழுந்து சிரித்து அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை. கைக்குட்டையால் இந்தத் தடவை கண்ணைத் துடைத்தார். பிறகுதான் கேட்டார்: “அந்த வரிய ஏன் விட்டீங்க?”

“பயந்துட்டேன் ஐயா.”

“பயந்தா சொல்லணும் டீச்சர். நான் சொல்றேன்ல? ஊரே சிரிக்குது. என்ன கொறஞ்சி போச்சி?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் மரக்குற்றி. வலது பக்கத்து பேட்களை எடுத்து, உப்புத்தாளால் மேல் பூச்சைத் தேய்த்து, புண்ணைக் கழுவுகிற ஸ்பிரிட்டில் திரும்பத் திரும்பக் கழுவினார். பேட் கவ்வுகிற வட்டத் தகட்டையும் துடைத்தார். பேட்டின் முதுகில் இருந்த குங்குமத்தை மட்டும் அழிக்காமல் விட்டார். நான் அந்த வரியை மூன்று தடவை சத்தமாக வாசித்தேன். பொழுது சாய்கிற வரை முற்றத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்தினார். பிறகு ஸ்டோர் வரை இறக்கத்தில் போய்த் திரும்பி வந்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடிய என் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் கால் வலி. கார் ஒரு தடவைகூடப் பக்கம் சாயவில்லை.

திங்கட்கிழமை காலை பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். டாக்டர் ஐயா மூன்று முறை மிதித்துப் பார்த்தார். “இருக்கு” என்றார். புறப்பட்டோம். கொழுந்து லொறி எங்களை முந்திக்கொண்டு போனது. பஸ் முந்தியது. மரக்கறி மூட்டை ஏற்றிய ஒரு வண்டிகூட முந்தியது. ஒவ்வொரு முடக்கிலும் இரண்டு ஹார்ன். முன்னெல்லாம் நான் நடித்துக் காட்டியபோது ஒன்று அடித்தது எவ்வளவு பெரிய பிழை! “மெதுவாவே போங்க ஐயா, அவசரமில்ல” என்று நானே சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இதவிட மெதுவாப் போனா கார் நின்னுடும் டீச்சர்” என்றார்.

பசறை தாண்டி ஒரு முடக்கில், எதிரே ஒரு பஸ் நடுரோட்டில் ஏறி வந்தது. எங்கள் இடது பக்கம் பள்ளம். டாக்டர் ஐயா மிதித்தார். கார் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. கோடு போட்ட மாதிரி நேரே நின்றது. பஸ் எங்களை உரசாமல் வளைந்து ஏறிப் போனது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே, மெல்லிய குரலில், “இருக்கு” என்றார் அவர். என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. உள்ளே அசைந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த உடனே படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் ஐயா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மலையில் பனி இறங்கிவிட்டது, பயமாக இருக்கிறது என்றாராம். மறுநாள் காலை நல்ல வெயில். அப்போதும் போகவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னார் என்று என் வீட்டுக்காரருக்கு ஞாபகமில்லை.

எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்தாளாம். டாக்டர் ஐயாதான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனாராம். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“இருக்கா?” என்று கேட்டாராம்.

நர்ஸுக்கு என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. அதற்குள் திறந்த கதவு வழியாக என் மகளின் அழுகை கேட்டதாம். டாக்டர் ஐயா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டு, என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, “இருக்கு” என்றாராம்.